பிரிட்டானிக்காவின் கதை – 5: ஒரு கினி முன்பணம்

எடின்பரோவில் ஓர் அச்சுக்காரரும் ஒரு செப்புத்தகட்டுச் சித்திரக்காரரும் 1768-ல் தொடங்கிவைத்த புத்தகம், ஒன்பது பதிப்புகளைக் கடந்து 1889-ல் வந்து நின்றதைச் சென்ற இதழில் பார்த்தோம். ஒன்பதாம் பதிப்புக்கு ‘அறிஞர் பதிப்பு’ என்றே பெயர். மேக்ஸ்வெல் அணுவைப் பற்றி எழுதினார். ஹக்ஸ்லி உயிரியலைப் பற்றி எழுதினார். குரோபோட்கின் பிரெஞ்சுச் சிறைக்குள் இருந்தபடியே கட்டுரை அனுப்பினார். ராபர்ட்சன் ஸ்மித் ‘பைபிள்’ என்ற கட்டுரையை எழுதப்போய், அதனால் 1881-ல் பேராசிரியர் வேலையை இழந்து, பிறகு இதே கலைக்களஞ்சியத்துக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. 24 தொகுதி, மேலும் ஒரு சொல்லடைவுத் தொகுதி. மொத்த விலை 37 பவுண்டு. அதுவும் ஒரேயடியாக வராது. முதல் தொகுதி 1875-ல் வந்தால் கடைசித் தொகுதி 1889-ல். சந்தா கட்டியவர்களில் ‘இசட்’ எழுத்தைப் பார்க்காமலே கண்ணை மூடியவர்கள் எத்தனை பேரோ! பிரிட்டனில் விற்றது பத்தாயிரம் பிரதிகளை ஒட்டித்தான். அமெரிக்காவில் அதைவிட மிக அதிகம் போனது. ஆனால் அதில் பெரும்பகுதி திருட்டுப் பதிப்பு. அயல்நாட்டு ஆசிரியர்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு தரும் சட்டம் அங்கே 1891 வரை இல்லை. யார் வேண்டுமானாலும் அசல் பதிப்பை அப்படியே அச்சடித்து விற்கலாம், விற்றார்கள்.

அந்தத் திருட்டுச் சந்தையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர்தான் இந்த வாரத்து நாயகர். ஹொரேஸ் எவரெட் ஹூப்பர். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1859-ல் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் புத்தகம் விற்க வந்தவர். டென்வரில் ஒரு புத்தக நிறுவனம், பிறகு சிகாகோவில் வியாபாரம். நாவலும் கவிதையும் அவருக்குச் சரக்கே இல்லை; அகராதி, கலைக்களஞ்சியம் போன்ற கனத்த நூல்களைத் தபால் வழியாக, தவணை முறையில் விற்பதில்தான் கை தேர்ந்திருந்தார். ‘செஞ்சுரி’ அகராதியை அப்படி விற்றுத்தான் பணம் பார்த்தார். கூட்டாளிகளாக ஜேம்ஸ் கிளார்க், ஜார்ஜ் கிளார்க் என்ற சகோதரர்களும், வால்டர் மான்ட்கோமரி ஜாக்சன் என்பவரும் இருந்தார்கள். இந்த ஜாக்சன் 1895-ல் பாஸ்டனில் குரோலியர் என்ற பதிப்பகத்தைத் தொடங்கியவர். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வம்புக்கு வருவார்.

ஹூப்பர் 1897-ல் லண்டனுக்குக் கப்பலேறினார். அமெரிக்காவில் கலைக்களஞ்சியச் சந்தை நிரம்பிவிட்டது. இங்கிலாந்தில் நிலைமை வேறு. 1870-ன் கல்விச் சட்டத்துக்குப் பிறகு எழுத்தறிந்த ஒரு தலைமுறை வளர்ந்து வேலைக்குப் போயிருந்தது. குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், சிறு வணிகர், பாதிரியார் என்று பல்கலைக்கழக வாசலை மிதிக்காத ஆனால் படிப்பின் மேல் தீராத ஆசை கொண்ட வர்க்கம் அது. 37 பவுண்டை அவர்களால் ஒரே மூச்சில் எடுத்து வைக்க முடியாது. அவர்களிடம் போய்க் கேட்கவும் யாரும் இல்லை. அங்கே புத்தகக்கடைக்காரர் என்றால் கடையில் உட்கார்ந்திருப்பவர். வாடிக்கையாளர்தான் தேடி வரவேண்டும். பிரிட்டானிக்காவை வெளியிட்டுவந்த பிளாக் பதிப்பகத்தாரும் ஒன்பதாம் பதிப்பை முடித்த களைப்பில் இருந்தார்கள்.

ஹூப்பர் கேட்டது சின்ன விஷயம். ‘ஒன்பதாம் பதிப்பின் அச்சுத் தகடுகள் உங்களிடம் சும்மா கிடக்கின்றன. அவற்றிலிருந்து மறுபதிப்பு போட அனுமதி கொடுங்கள். விற்பது என் பாடு.’ கட்டுரைக்குச் செலவில்லை, அச்சுக் கோப்புக்குச் செலவில்லை. தாள், அச்சுக்கூலி, நூற்கட்டு மட்டும்தான். பழைய விலையில் பாதிக்கும் கீழே இறங்கினாலும் லாபம் நிற்கும். இந்தக் கணக்கு பிளாக் பதிப்பகத்தாருக்கும் தெரிந்துதான் இருக்கும். விற்கும் வழி தெரியாததுதான் அவர்களுடைய குறை.

ஹூப்பருக்கும் ஒரு குறை இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய முன்பின் தெரியாத புத்தக வியாபாரியை நம்பி எந்த இங்கிலாந்துக்காரர் பணம் அனுப்புவார்? ஊர் நம்பும் ஒரு பெயர் வேண்டும். அவர் குறிவைத்தது லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையை.

வேறு காலமாக இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் அப்போது ‘டைம்ஸ்’ பணமுடையில் இருந்தது. அயர்லாந்துத் தலைவர் பார்னெலைக் கொலைகாரர்களின் கூட்டாளியாகக் காட்டும் கடிதங்களை 1887-ல் அது வெளியிட்டிருந்தது. அவை ரிச்சர்ட் பிகாட் என்பவர் எழுதிய போலிக் கடிதங்கள் என்று 1889-ல் விசாரணைக் குழுவின் முன் அம்பலமானது. வழக்குச் செலவு மட்டும் சுமார் 2 லட்சம் பவுண்டு. நூறாண்டு காலச் சேமிப்பு கரைந்தது, மானமும் போனது. அதைத் தூக்கி நிறுத்த 1890-ல் நிர்வாகியாகக் கொண்டுவரப்பட்டவர் மொபர்லி பெல். எகிப்தில் பிறந்து, அங்கேயே செய்தியாளராக இருந்த மனிதர். பத்திரிகையின் விற்பனை நாற்பதாயிரத்தை எட்டவில்லை. செலவோ பேரரசின் தலைநகரங்களிலெல்லாம் நிருபர் வைத்திருந்த செலவு. வருமானத்துக்கு எந்தக் கதவைத் தட்டலாம் என்று பெல் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஹூப்பர் வந்து அவர் கதவைத் தட்டினார்.

1898-ல் ஒப்பந்தமானது. கலைக்களஞ்சியத்தை ‘டைம்ஸ்’ வழங்குவதாக விளம்பரம் வரும். ஆர்டர் ‘டைம்ஸ்’ பெயருக்கு வரும். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பத்திரிகைக்கு ஒரு பங்கு போகும். அச்சடிப்பது, அனுப்புவது, தவணை வசூலிப்பது, நஷ்டமானால் தாங்குவது எல்லாம் ஹூப்பர், ஜாக்சன் தலையில். பெல்லுக்கு ஒரு காசு ஆபத்து இல்லை. பெயர் மட்டும் கொடுத்தால் போதும். அந்தப் பெயரின் விலை என்ன என்று அவருடைய சக ஊழியர்கள் பிறகு வருடக்கணக்கில் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விற்பனைத் திட்டத்தின் உயிர்நாடி ஒரு வரிதான்: ஒரு கினி அனுப்புங்கள், 25 தொகுதிகளும் உடனே வீட்டுக்கு வரும், மீதியை மாதம் ஒரு கினியாகக் கட்டுங்கள். கினி என்றால் 21 ஷில்லிங், ஒரு பவுண்டுக்கு ஒரு ஷில்லிங் கூட. தவணைக்குச் சேலையும் பாத்திரமும் கொண்டுவருபவரை நம் தெருக்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த உத்தியை நாட்டின் மிகக் கௌரவமான பத்திரிகை கையில் எடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. தொகுதிகளை அடுக்குவதற்கென்றே செய்த புத்தக அலமாரியையும் விளம்பரத்தில் காட்டினார்கள். வாங்குபவருக்கு அறிவோடு சேர்த்து முன்னறைக்கு ஒரு அந்தஸ்தும் கிடைத்தது.

விளம்பரம் எழுதியவர் ஹென்றி ஹாக்ஸ்டன். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடக்க முடியாது. முன்பு சான்பிரான்சிஸ்கோவில் ஹெர்ஸ்டின் ‘எக்ஸாமினர்’ பத்திரிகை நிருபர். படகிலிருந்து விழுந்தவரை எவ்வளவு நேரத்தில் காப்பாற்றுகிறார்கள் என்று சோதிக்க, தாமே வளைகுடாவில் குதித்துப் பார்த்து எழுதியவர். ஓவியர் விஸ்லரின் நண்பர். அந்தத் துணிச்சலும் ரசனையும் கலந்த பேனா ‘டைம்ஸ்’ பக்கங்களை முழுசு முழுசாக நிரப்பியது. அதுவரை சின்ன எழுத்தில் அடக்கமாக அச்சான விளம்பரங்களையே பார்த்துப் பழகிய வாசகர்கள், காலைத் தேநீரோடு கலைக்களஞ்சியத்தின் பெருமைகளைப் பத்தி பத்தியாகப் படிக்க வேண்டியதாயிற்று. குறிப்பிட்ட தேதியோடு சலுகை முடிகிறது, பிறகு விலை ஏறும் என்ற மிரட்டல் வேறு. இன்று நம் தொலைபேசிக்குத் தினமும் வரும் ‘இன்றே கடைசி நாள்’ செய்திகளுக்கு ஒரு மூதாதையை அந்தப் பக்கங்களில் காணலாம்.

ஆர்டர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ‘டைம்ஸ்’ மூச்சுவிட்டது.

இதில் ஒரு நாணயக் குறை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. விற்கப்பட்டது பழைய சரக்கு. மின்சாரம் பற்றிய கட்டுரை உள்ள எட்டாம் தொகுதி அச்சானது 1878-ல். எடிசனின் விளக்கு எரிந்தது 1879-ல். லண்டனில் மின்விளக்கு எரிந்துகொண்டிருந்த 1898-ல் ஒருவர் கடன்பட்டு வாங்கிய கலைக்களஞ்சியம், விளக்குக்கு முந்தைய மின்சாரத்தைச் சொல்லிக்கொடுத்தது. ஹாக்ஸ்டனின் விளம்பரங்கள் மேக்ஸ்வெல்லின் பெயரைப் பெரிதாகச் சொன்னன, ஆண்டை மெதுவாகச் சொன்னன. கிண்டல்காரர்கள் விடுவார்களா? ‘பிரிட்டானிக்காவுக்குப் பின்னால் டைம்ஸ் நிற்கிறது, காலத்துக்குப் பின்னால் பிரிட்டானிக்கா நிற்கிறது’ என்ற நையாண்டி லண்டன் முழுவதும் சுற்றியது.

சாதாரண வியாபாரி இந்த இடத்தில் பணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த சரக்குக்குப் போயிருப்பார். ஹூப்பர் போகவில்லை. என் கணிப்பில் இந்தக் கதை திரும்பும் இடம் இதுதான். விற்ற பொருளின் மேல் அவருக்கே பக்தி வந்துவிட்டது. 1901-ல் அவரும் ஜாக்சனும் பிளாக் பதிப்பகத்தாரிடமிருந்து பிரிட்டானிக்காவின் உரிமையை முழுதாக வாங்கினார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த நூல் அன்று முதல் அமெரிக்கர்களின் சொத்து.

பழையது என்ற புகாருக்குப் பதிலாக 11 புதிய தொகுதிகள் 1902-லும் 1903-லும் வந்தன. பழைய 24-ஐயும் இந்த 11-ஐயும் சேர்த்துப் பத்தாம் பதிப்பு என்று பெயர் வைத்தார்கள். படிக்கிறவர் பாடு கஷ்டம்தான். ஒரு விஷயத்தைத் தேடினால் முதலில் பழைய அகரவரிசையில் பார்க்க வேண்டும், பிறகு புதிய அகரவரிசையில் பார்க்க வேண்டும், இரண்டும் முரண்பட்டால் புதியதை நம்ப வேண்டும். விற்பவருக்கோ இது கற்பகத்தரு. 1898-ல் வாங்கியவர் ஒவ்வொருவரும் இப்போது துணைத் தொகுதிகளுக்கு வாடிக்கையாளர்.

பத்தாம் பதிப்பை விற்ற விதத்தில் லண்டன் அதுவரை காணாத ஆர்ப்பாட்டம் நடந்தது. விசாரித்துக் கடிதம் போட்டு, பிறகு வாங்காமல் இருந்தவர்களைக் கடிதங்கள் துரத்தின. கடைசி நாட்கள் நெருங்கியதும் தந்தி பறந்தது, அதுவும் பதிலுக்கான கட்டணம் முன்கூட்டியே கட்டிய தந்தி. தந்தி என்றால் வீட்டில் சாவுச் செய்தியோ என்று நெஞ்சு படபடக்கும் காலம் அது. பிரித்துப் பார்த்தால் கலைக்களஞ்சியம் வேண்டுமா, வேண்டாமா என்று கேள்வி. இந்த அமெரிக்கத் தந்திரங்கள் தம் வீட்டு அமைதியில் செய்த அத்துமீறல் என்று கொதித்து எழுதியவர்கள் உண்டு. 1903-ல் ஒரு போட்டியும் வைத்தார்கள். கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டுமானால் கலைக்களஞ்சியம் கையில் இருக்க வேண்டும். முதல் பரிசு, பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கே எட்டும் ஆக்ஸ்ஃபோர்டு அல்லது கேம்பிரிட்ஜ் படிப்புக்கான உதவித்தொகை. சரக்கையும் கனவையும் ஒரே பொட்டலத்தில் கட்டத் தெரிந்தவர்கள்.

வெற்றி தலைக்கேறியது. 1905-ல் ஹூப்பரின் அடுத்த யோசனை ‘டைம்ஸ் புத்தகக் கழகம்’. பத்திரிகைக்கு ஆண்டுச் சந்தா கட்டினால் நூலகத்தில் புத்தகம் இலவசமாக இரவல் வாங்கலாம். இதுவரை நல்லது. ஆனால் ஓரிரு கை மாறிய புதுப் புத்தகங்களைப் ‘பழைய புத்தகம்’ என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கவும் தொடங்கினார்கள். 1900 முதல் பிரிட்டனில் புத்தகங்களை நிர்ணயித்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று பதிப்பாளர்களும் விற்பனையாளர்களும் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அதன் அடிமடியிலேயே கை வைத்தது கழகம். 1906-ல் பதிப்பாளர்கள் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு விளம்பரத்தையும் கழகத்துக்குச் சலுகை விலையில் புத்தகங்களையும் நிறுத்தினார்கள். ‘புத்தகப் போர்’ என்று வரலாற்றில் பெயர் பெற்ற இந்தச் சண்டை இரண்டு வருடம் நீடித்தது. விக்டோரியா அரசியின் கடிதங்களை வெளியிட்ட ஜான் மர்ரே கொள்ளை லாபம் அடிக்கிறார் என்ற பொருளில் ‘டைம்ஸ்’ கடிதங்களை வெளியிட, அவர் அவதூறு வழக்குப் போட்டு 1908-ல் 7,500 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார்.

அதே ஆண்டில் ‘டெய்லி மெயில்’ அதிபர் நார்த்கிளிஃப் பிரபு 3,20,000 பவுண்டு கொடுத்து ‘டைம்ஸ்’ பத்திரிகையையே வாங்கிவிட்டார். பதிப்பாளர்களோடு சமாதானமானார். விளம்பரம் என்றால் என்ன என்று ஹூப்பர் அவருக்குச் சொல்லித்தர வேண்டிய தேவை இல்லை. வெளியாள் ஒருவர் தம் பத்திரிகையின் பெயரை வைத்துக் கடை நடத்துவதும் அவருக்கு வேண்டாம்.

ஹூப்பருக்கு உள்வீட்டிலும் சண்டை. முழுக்கப் புதிய பதிப்பு ஒன்றைத் தயாரிக்கப் பல வருடங்களாகப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். ஜாக்சனுக்கு அது பொறுக்கவில்லை. பழைய சரக்கே இவ்வளவு போகும்போது புதிதாக எழுத இத்தனை செலவு எதற்கு என்பது அவர் கட்சி. வியாபாரக் கணக்குப்படி ஜாக்சன் சொன்னதில் தவறே இல்லை. இரண்டு பேரும் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் வழக்காடினார்கள். 1909-ல் ‘டைம்ஸ்’ கையைக் கழுவியது. அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பதினோராம் பதிப்பு பெயர் கொடுக்க ஆளில்லாமல் நின்றது.

அப்போது கைகொடுத்தது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம். 1910-ல் ஒப்பந்தம். பத்திரிகையின் பெயர் போய்ப் பல்கலைக்கழகத்தின் பெயர் வந்தது. பேராசிரியர்கள் சிலர் விளம்பரங்களைப் பார்த்து முகம் சுளித்தாலும் அட்டையில் கேம்பிரிட்ஜ் முத்திரை ஏறியது. 1910 முடிவில் பாதித் தொகுதிகள், 1911-ல் மீதி. மொத்தம் 29 தொகுதி, சுமார் 40,000 கட்டுரை, ஆயிரத்து ஐந்நூறை ஒட்டிய எழுத்தாளர்கள். ஆசிரியர் ஹியூ சிஷோம், பத்திரிகைக்காரர்.

பதினோராம் பதிப்பைப் புகழாத புத்தகப் பிரியர் இல்லை. போர்ஹெஸ் கடைசிவரை அதைக் கொண்டாடினார். ஆங்கில உரைநடையின் சாதனை, பேரரசு காலத்து அறிவின் சிகரம் என்றெல்லாம் சொல்வார்கள். ஆனால் அதன் உருவத்தை எது முடிவு செய்தது என்று யோசித்தால் தவணை முறைதான் கண்ணில் படுகிறது.

முந்தைய பதிப்புகள் தொகுதி தொகுதியாகப் பல வருடம் வந்தன. ‘ஏ’ எழுத்தின் கட்டுரைகள் அச்சாகும்போது ‘எஸ்’ எழுத்தில் என்ன வரும் என்று ஆசிரியருக்கே தெரியாது. ஒரு கட்டுரை இன்னொன்றைச் சுட்ட முடியாது. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வரும், இன்னொன்று எங்குமே வராது. மாதத் தவணைக்கு விற்கும் பொருளை அப்படிக் கொடுக்க முடியாது. முன்பணம் கட்டியதும் முழுதும் வீட்டுக்கு வர வேண்டும். ஆகவே எல்லாக் கட்டுரைகளையும் எழுதி முடித்து, அச்சுக் கோத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்திய பிறகே அச்சுக்கு அனுப்பினார்கள். பிரிட்டானிக்கா ஒரே காலத்து அறிவை ஒரே வீச்சில் சொன்னது அப்போதுதான் முதல்முறை. அது மட்டுமா? ஒன்பதாம் பதிப்பில் சுமார் 17,000 கட்டுரைகளாக இருந்ததைக் கிட்டத்தட்ட அதே அளவுக்குள் 40,000-ஆகப் பிரித்தார்கள். நூறு பக்கக் கட்டுரையை உட்கார்ந்து படிக்க அறிஞருக்கு நேரம் உண்டு. தவணை கட்டும் குமாஸ்தாவுக்கு, மாலையில் மகன் கேட்ட கேள்விக்குப் பதில் உடனே கிடைக்க வேண்டும். மெல்லிய இந்தியா தாளில் அச்சடித்ததால் ஆயிரம் பக்கத் தொகுதி ஓர் அங்குலத் தடிமனில் அடங்கியது. அதுவும் சின்ன வீட்டுக்கு ஏற்ற வசதி.

இத்தனை கட்டுரையையும் இணைக்கும் சொல்லடைவு 29-ம் தொகுதி. சுமார் 5 லட்சம் பதிவுகள். அதைத் தயாரித்த குழுவின் தலைவர் ஜேனட் ஹோகார்த். பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் பெண் எழுத்தர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்து, பிறகு டைம்ஸ் புத்தகக் கழகத்தில் நூலகராக இருந்தவர். எழுத்தாளர்களின் பட்டியலில் பெண்கள் முப்பதை ஒட்டியே இருந்தார்கள். அது அந்தக் காலத்துக்குப் பெரிது என்று சொல்லிக்கொள்ளலாம். இன்னொரு பக்கம், இரண்டாம் நோபல் பரிசை 1911-ல் பெற்ற மேரி கியூரிக்குத் தனிக் கட்டுரை கிடையாது. கணவர் பியர் கியூரியின் கட்டுரைக்குள் ஒதுங்கி நிற்கிறார்.

எழுதியவர்களில் ஜே. ஜே. தாம்சன் உண்டு, பெர்ட்ரண்ட் ரஸல் உண்டு. ‘அராஜகவாதம்’ கட்டுரையைக் குரோபோட்கினிடமே கேட்டு வாங்கினார்கள். யோசமிட்டி பள்ளத்தாக்கை ஜான் மியூர் எழுதினார். இது ஒரு முகம். கறுப்பின மக்களைப் பற்றிய கட்டுரை அவர்களை அறிவில் தாழ்ந்தவர்கள் என்று கூசாமல் சொன்னது இன்னொரு முகம். கு கிளக்ஸ் கிளான் பற்றிய கட்டுரை அந்தக் கும்பலுக்குப் பரிந்து பேசுகிறது. அறிவியலின் பெயரால், கேம்பிரிட்ஜ் முத்திரையோடு, இவை ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போயின. பதினோராம் பதிப்பின் அழகான உரைநடையைப் பாராட்டுபவர்கள் இந்தப் பக்கங்களையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

‘தமிழர்’ கட்டுரைக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் பதிப்புக்கு அதை எழுதியவர் லண்டன் இந்தியா அலுவலகத்தின் நூலகராக இருந்த ஜெர்மானியர் ரைன்ஹோல்ட் ரோஸ்ட். கீழைமொழிகள் பலவற்றில் புலமை உள்ளவர். 1896-ல் இறந்துவிட்டார். பதினைந்து வருடம் கழித்து வந்த பதினோராம் பதிப்பிலும் ‘தமிழர்’ கட்டுரையின் அடியில் அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் இருக்கின்றன. இடையில்தான் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892-லும், புறநானூற்றை 1894-லும், மணிமேகலையை 1898-லும் அச்சில் ஏற்றியிருந்தார். புதிதாக எழுதச் சொல்லித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கடிதம் போட லண்டன் அலுவலகத்துக்குத் தோன்றவில்லை. எல்லாம் புதிது என்ற விளம்பரத்தைப் பேரரசின் ஓரங்களிலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரிந்தது.

அமெரிக்காவிலேயே ஒருவர் இதைவிடக் காட்டமாகச் சொன்னார். வில்லர்ட் ஹண்டிங்டன் ரைட் 1917-ல் ஒரு முழு நூலே எழுதினார். மூன்றாந்தர ஆங்கில எழுத்தாளருக்குப் பத்தி பத்தியாக இடம், அமெரிக்க, ஐரோப்பிய மேதைகளுக்கு நாலு வரி என்று பெயர் பெயராக எடுத்துக்காட்டினார். பின்னாளில் எஸ். எஸ். வான் டைன் என்ற புனைபெயரில் துப்பறியும் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றவர் இவர்தான்.

ஆனால் ஹூப்பரை வீழ்த்தியது விமரிசனம் அல்ல, 1914-ன் போர். இங்கிலாந்தில் விற்பனை படுத்தது. தவணை வியாபாரத்தின் பலவீனம் அப்போது வெளியே தெரிந்தது. அச்சடிக்க இன்றே பணம் வேண்டும். வாங்கியவர் கொடுப்பது மாதங்கள் கழித்து. நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்ப வங்கிக் கடன் வேண்டும். போர்க்காலத்தில் அது எங்கே கிடைக்கும்? ஹூப்பர் சிகாகோவில் தம் நண்பர் ஜூலியஸ் ரோசன்வால்டிடம் போனார். கலப்பையிலிருந்து கட்டில் வரை தபாலில் விற்ற சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவர் அவர். பதினோராம் பதிப்பைப் படம்பிடித்துச் சுருக்கி, சின்ன அளவில், மிகக் குறைந்த விலையில் ஒரு கைப்பதிப்பு தயாரித்தார்கள். சியர்ஸ் அதை விற்றது. கண்ணுக்கு வலி தரும் எழுத்து. ஆனாலும் அமெரிக்கக் கிராமங்கள் வாங்கின. கேம்பிரிட்ஜ் அறிஞர்களின் கட்டுரைகள் பண்ணை வீடுகளுக்குள் இப்படித்தான் நுழைந்தன.

அந்தப் பணமும் போதவில்லை. 1920-ல் பிரிட்டானிக்கா நிறுவனத்தை 13,30,000 டாலருக்குச் சியர்ஸ் ரோபக்கே வாங்கிக்கொண்டது. ஹூப்பர் தலைமைப் பொறுப்பில் தொடர்ந்தார். போர் நடந்த பத்தாண்டை மட்டும் சொல்லும் மூன்று துணைத் தொகுதிகளைச் சேர்த்துப் பன்னிரண்டாம் பதிப்பு 1922-ல் வந்தது. அதே வருடம் ஜூன் 13-ம் தேதி அவர் இறந்தார்.

விளம்பரத்தில் அவர் கூசியதே இல்லை, தந்தியடித்து வீடுவீடாகத் தொந்தரவு செய்தார், பழையதைப் புதிது போலக் காட்டி விற்றார். இவை அத்தனையும் உண்மை. அப்படி வந்த பணத்தை அவர் கொண்டுபோய்ப் போட்டது புதிய பதிப்பின் ஆசிரியர் குழுவில்தான் என்பதும் உண்மை. அவருக்கு முன்னால் பிரிட்டானிக்காவை நடத்திய படித்த பதிப்பாளர்கள் எவரும் சாமானிய வாசகரை அவ்வளவு பொருட்படுத்தியதில்லை. அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் விற்பனைத் தந்திரத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

கலப்பைக் கடைக்குக் கலைக்களஞ்சியம் சுமையாகிப்போனதையும், மூன்றே வருடத்தில் 2,65,000 டாலருக்கு அதைக் கைமாற்றியதையும், ஐன்ஸ்டைனும் டிராட்ஸ்கியும் ஹூடினியும் ஒரே பதிப்பில் எழுதியதையும் அடுத்த இதழில் பார்க்கலாம்.